எந்த ஸ்கேன், எந்த நாளில், எந்தக் கேள்விக்காக

ஸ்கேன் எடுக்கச் செல்லும் பெண்ணின் கையில் இருக்கும் மருத்துவச் சீட்டில் பெரும்பாலும் பரிசோதனையின் பெயர் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். அந்தப் பரிசோதனை எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்பது அதில் இருக்காது. அதை மருத்துவரிடம் கேட்டு, சீட்டிலேயே ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொள்வதுதான் முதல் வேலை. “மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் கழித்து உதிரப்போக்கு” என்று எழுதியிருந்தால், ஸ்கேன் செய்பவர் கருப்பையின் உட்படலத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பார்ப்பார். ஒன்றும் எழுதாத சீட்டுக்குப் பொதுவான ஓர் அறிக்கைதான் திரும்பி வரும். கடைசி மாதவிடாயின் முதல் நாள், முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள், சாப்பிட்டுவரும் ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய அறிக்கைகளோடு பழைய படங்களையும் எடுத்துச் செல்லுங்கள்.

வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். குடலிலுள்ள காற்று ஒலியலையைத் தடுத்துவிடும். நிரம்பிய சிறுநீர்ப்பை குடலை விலக்கி, கருப்பையைப் பார்க்க வழிவிடுகிறது. எனவே பரிசோதனைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் செல்ல வேண்டும். கர்ப்பத்தின் பிற்பகுதியில் இது தேவைப்படுவதில்லை. பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேனுக்கோ சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது முறைக்குப் பல பெண்கள் தயங்குவது இயல்புதான். ஆனால் கருவி உறுப்புகளுக்கு மிக அருகில் இருப்பதால் படம் தெளிவாகக் கிடைக்கிறது. இதனால் கருச்சிதைவு ஏற்படுவதில்லை. துணைக்கு ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்று கேட்கவும், வலித்தால் நிறுத்தச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கர்ப்ப கால ஸ்கேன்களில் மிகுந்த மனவேதனையைத் தருவது, உரிய நாளுக்கு முன்னதாகவே எடுக்கப்படும் முதல் ஸ்கேன்தான். கடைசி மாதவிடாயிலிருந்து கணக்கிட்டால், ஏறக்குறைய 5 வாரத்தில் கருப்பைக்குள் கரு வளரும் நீர்ப்பை தென்படும்; இதயத்துடிப்பு 6 வாரத்தை ஒட்டித் தெரியும். கருமுட்டை ஒரு வாரம் தாமதமாக வெளிப்பட்டிருந்தால் இந்தக் கணக்கும் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதனால், பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் கருவின் நீளம் 7 மில்லிமீட்டரை எட்டியும் துடிப்பு இல்லை, அல்லது நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லை என்ற நிலையில்தான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்ற முடிவுக்கு வர இடமுண்டு. அப்போதும் இன்னொருவர் பார்த்து உறுதிசெய்வது நல்லது. அளவுகள் இவற்றுக்குக் கீழே இருந்தால், ஒன்று அல்லது இரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கும்படி கேளுங்கள். அதற்கு முன் கருக்கலைப்பு மாத்திரைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆனால் பரிசோதனையில் கர்ப்பம் உறுதியாகி, கருப்பைக்குள் ஒன்றும் தென்படாமல், வயிற்றுவலியோ உதிரப்போக்கோ தலைசுற்றலோ இருந்தால் காத்திருக்கவே கூடாது. கரு கருக்குழாயில் தங்கியிருக்கக்கூடும் என்பதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேன். தலை முதல் பிட்டம் வரையிலான நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதுதான் குழந்தையின் கழுத்துக்குப் பின்னுள்ள நீர் இடைவெளியை அளந்து பயன்படுத்த முடியும். அந்த நாட்கள் கடந்துவிட்டால் அந்த அளவுக்குப் பொருளில்லை. அது குரோமோசோம் குறைபாட்டுக்கான வாய்ப்பைக் கணிக்கிறதே தவிர, குறைபாட்டை உறுதிசெய்வதில்லை. பிரசவத் தேதியை நிர்ணயிக்கவும் இந்த முதல் மூன்று மாத அளவே மிக நம்பகமானது. பிந்தைய ஸ்கேன்களில் இயந்திரம் வேறு வேறு தேதிகளைக் காட்டினாலும், முதலில் நிர்ணயித்த தேதியை மாற்றக் கூடாது. மாற்றினால், வளர்ச்சி குன்றிய குழந்தை “நாள் குறைவான குழந்தை” என்று தவறாக எண்ணப்பட்டுக் கவனிப்பின்றிப் போகும்.

18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் விரிவான ஸ்கேன் செய்யப்படுகிறது. குழந்தை திரும்பிப் படுத்திருந்தால், கொஞ்சம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், அல்லது இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். அதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக இந்த நிலையில் சொல்லப்பட்டால், கருப்பை வளர வளர அது பெரும்பாலும் மேலே விலகிவிடும் என்பதால், ஏறக்குறைய 32 வாரத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் மட்டும், நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டியிருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். கடைசி மாதங்களில் அறிக்கை சொல்லும் எடை ஒரு மதிப்பீடுதான். உண்மையான எடையிலிருந்து அது 15 சதவீதம் வரை விலகக்கூடும்.

1958இல் கிளாஸ்கோவில் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும் வயிற்றுக்குள் இருப்பவற்றை ஒலியலையால் படம்பிடித்த ஆய்வை வெளியிட்ட பிறகுதான் மகப்பேறு மருத்துவத்தில் அல்ட்ராசவுண்டு பரவியது. அதில் எக்ஸ்ரே கதிர் இல்லை. அதற்காக, தேவைப்படும் எக்ஸ்ரேயைக் கர்ப்பிணிகள் மறுக்கக் கூடாது. மார்பு எக்ஸ்ரேயில் கருவைச் சேரும் கதிர் 0.01 மில்லிகிரேக்கு (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) மிகாது. 50 மில்லிகிரேக்குக் கீழ் பிறவிக் குறைபாடுகள் கூடுவதாகக் காணப்படவில்லை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், ஆனால் படத்தைத் தெளிவாக்கப் போடும் கடோலினியம் ஊசியைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள்.

மார்பகப் பரிசோதனைக்கு வருவோம். மாதவிடாய் உள்ளவர்கள் அது முடிந்த அடுத்த வாரத்தில் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம் எடுத்தால் மார்பகம் அழுத்தப்படும்போது வலி குறைவாக இருக்கும். சில நொடிகளே நீடிக்கும் அந்த அழுத்தம் திசுக்களைப் பரப்பி, படத்தைத் தெளிவாக்கி, கதிரின் அளவையும் குறைக்கிறது. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடரோ டியோடரண்டோ போடாதீர்கள். அவற்றிலுள்ள துகள்கள் படத்தில் சுண்ணாம்புப் படிவுகளைப் போலத் தோன்றிக் குழப்பும். பாலூட்டும் தாய்மார்கள் பரிசோதனைக்குச் சற்று முன்பு பாலூட்டிவிட்டுச் செல்ல வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இளவயதினருக்கும் அல்ட்ராசவுண்டே முதலில் செய்யப்படும்.

அறிக்கையின் இறுதியில் “பை-ராட்ஸ்” என்று ஓர் எண் இருக்கும். 0 என்பது நோயைக் குறிப்பதில்லை. படம் போதவில்லை, இன்னும் பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். 1 இயல்பு, 2 தீங்கற்றது. 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பதால், வழக்கமாக 6 மாதத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். 4, 5 என்றால் ஊசி மூலம் திசு எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். 4 என்ற ஒரே எண்ணுக்குள் 2 முதல் 95 சதவீதம் வரையான வாய்ப்புகள் அடங்கியிருப்பதால், அதிலுள்ள ஏ, பி, சி பிரிவையும் கேட்டறியுங்கள். 6 என்பது ஏற்கெனவே உறுதியான புற்றுநோய். மார்பகத் திசு அடர்த்தியானது என்று எழுதியிருந்தால், படத்தில் திசுவும் கட்டியும் வெண்மையாகவே தெரியும் என்பதால், அல்ட்ராசவுண்டும் வேண்டுமா என்று கேளுங்கள். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு: மார்பகத்தில் கைக்குக் கட்டி தட்டுப்படும்போது “மேமோகிராம் இயல்பு” என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். அந்த இடத்தைச் சுட்டிக்காட்டி அல்ட்ராசவுண்டு எடுக்கச் சொல்லுங்கள்.

கருப்பை, சினைப்பை ஸ்கேன்களிலும் நாள்தான் பாதி விடையைத் தருகிறது. மாதவிடாய் உள்ள பெண்ணின் சினைப்பையில் 3 சென்டிமீட்டர் வரையிலான சாதாரண நீர்ப்பை, கருமுட்டை வளர்வதன் இயல்பான அடையாளம். அதை நோயாகக் கருதி மருந்து சாப்பிட வேண்டியதில்லை. அதைவிடப் பெரிதாக இருந்து மறுபடியும் பார்க்கச் சொன்னால், மாதவிடாய் முடிந்த சில நாட்களுக்குள் செல்லுங்கள். சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறான பி.சி.ஓ.எஸ். என்று ஸ்கேனை மட்டும் வைத்து முடிவுசெய்வது சரியல்ல. ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண்தன்மை ஹார்மோன் மிகுதி, சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பூப்படைந்து 8 ஆண்டுகள் ஆகாத பெண்களுக்குச் சினைப்பைத் தோற்றத்தை ஆதாரமாகக் கொள்ளவே கூடாது. கருப்பைத் தசையில் வளரும், புற்றுநோயல்லாத ஃபைப்ராய்டு கட்டியைப் பொறுத்தவரை, அது எவ்வளவு பெரிது என்பதோடு கருப்பையின் உட்குழியைத் தொடுகிறதா என்றும் கேளுங்கள். பெரும் உதிரப்போக்கும் கருத்தரிப்புத் தடையும் பெரும்பாலும் அந்த இடத்தைப் பொறுத்தே அமைகின்றன.

மாதவிடாய் நின்ற பின் உதிரப்போக்கு ஏற்பட்டால், உட்படலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருக்கும்போது திசுப் பரிசோதனை தேவைப்படும். மெல்லியதாக இருந்தும் உதிரப்போக்கு திரும்பத் திரும்ப வந்தால், அப்போதும் அதை விட்டுவிடக் கூடாது. கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே, உதிரப்போக்கு நின்றபின் கருமுட்டை வெளிப்படுவதற்கு முன்பான நாட்களில் செய்யப்படுகிறது. அந்த மாதம் அதுவரை உடலுறவைத் தவிர்த்து, அயோடின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லி, வலி மாத்திரை சாப்பிடலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் இயல்பாக இருந்தும் வலி உண்மையாக இருக்கும் நிலைகள் உண்டு. கருப்பை உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் வழக்கமான ஸ்கேனில் தென்படாமல் போகலாம். மாதந்தோறும் வேலையை முடக்கும் வலி இருந்தால், இந்த நோயைத் தேடிப் பார்க்கப் பயிற்சி பெற்றவரிடம் ஸ்கேன் எடுக்கவோ எம்.ஆர்.ஐ. எடுக்கவோ கேளுங்கள். சினைப்பை முறுக்கிக்கொள்ளும்போதும், ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் இயல்பாகத் தெரியக்கூடும். திடீரென்று ஒரு பக்கம் கடும் வலியும் வாந்தியும் வந்தால், முந்தைய நாள் அறிக்கையில் என்ன எழுதியிருந்தாலும் அதை ஒதுக்கிவைத்து உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். சில மணி நேரத் தாமதத்தில் சினைப்பையையே இழக்க நேரிடலாம்.