சிற்பங்களின் கைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயிலில் தூக்கிய வலக்கையைக் கண்டதும் ‘சாமி ஆசீர்வாதம் செய்கிறார்’ என்று குழந்தைக்குச் சொல்லிவிடுவது நம்மில் பலரின் வழக்கம். அந்தக் கை உண்மையில் சொல்வது ‘அஞ்சேல்’ என்பதே. உள்ளங்கை நம்மை நோக்கியும் விரல்கள் மேல்நோக்கியும் அமைந்த அதற்கு அபய ஹஸ்தம் என்று பெயர். உள்ளங்கை அப்படியே இருக்க, விரல்கள் மட்டும் கீழ்நோக்கித் தாழ்ந்தால் அது வரத ஹஸ்தம், அதாவது வேண்டியதைத் தரும் கை. புத்தர் சிலைகளில் இன்னொரு குழப்பமும் சேரும். அமர்ந்திருக்கும் புத்தரின் வலக்கை முழங்காலின் மேலாகத் தொங்கி, புறங்கை நமக்குத் தெரிந்தால் அது வரமளிக்கும் கையன்று. நிலத்தைச் சாட்சிக்கு அழைக்கும் பூமிஸ்பரிச முத்திரை. விரல்களின் திசையோடு, தெரிவது உள்ளங்கையா புறங்கையா என்பதையும் பார்த்துவிட்டால் இந்தத் தவறு நேராது.

இதைவிடப் பெரிய தவறு, ஒரு பொருளைத் தாங்கியிருந்த கையை முத்திரை என்று கொள்வது. சோழர் காலத்து இராமர் செப்புத்திருமேனிகளில் இடக்கை உயர்ந்து, விரல்கள் மடங்கி, நாட்டிய முத்திரைபோலவே தோன்றும். அது வில்லைப் பற்றிய கை. தனியாகச் செய்து பொருத்திய வில் காலப்போக்கில் காணாமற்போக, கை மட்டும் எஞ்சியிருக்கிறது. திருவெண்காட்டில் கிடைத்து இப்போது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ள ரிஷபவாகனர், அதாவது காளையை ஊர்தியாகக் கொண்ட சிவன், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தவர். அவருடைய வலக்கை மடங்கி, வெறும் காற்றின்மேல் சாய்ந்திருக்கிறது; அவர் சாய்ந்து நின்ற காளையைக் காணோம். அந்தக் காளையை மனத்தில் நிறுத்திப் பார்த்தால்தான் அந்தக் கையின் ஓய்வு விளங்கும். இவ்வளவு நிதானமாக இளைப்பாறும் ஒரு கையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால், வெறுமையாக இருக்கும் கையெல்லாம் பொருளை இழந்த கை என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. அம்மன் திருமேனியின் வலக்கை விரல்கள் வளைந்து நடுவே சிறு இடைவெளி விட்டிருப்பது கடக ஹஸ்தம். அந்த இடைவெளி புதுப்பூவைச் செருகுவதற்காகவே விடப்பட்டது.

மிகுதியும் அரைகுறையாகப் படிக்கப்படுபவர் நடராசர். அபயக் கையைப் பார்த்ததும் பலரும் நிறைவடைந்துவிடுகிறார்கள். மார்பின் குறுக்கே யானைத் துதிக்கைபோல் நீண்ட முன் இடக்கையை, ஆட்டத்தின் அழகுக்காக வீசிய கை என்று விட்டுவிடுகிறார்கள். கஜ ஹஸ்தம் எனப்படும் அந்தக் கையின் தாழ்ந்த விரல்கள் தூக்கிய திருவடியைச் சுட்டுகின்றன. சைவ சித்தாந்த மரபு உடுக்கையில் படைத்தலையும், அபயக் கையில் காத்தலையும், தீயில் அழித்தலையும், ஊன்றிய பாதத்தில் மறைத்தலையும், தூக்கிய பாதத்தில் அருளலையும் காண்கிறது. அஞ்சாதே என்று சொன்ன பிறகு, அடைக்கலம் எங்கே என்று காட்டும் கையை விட்டுவிட்டால் பாதிச் செய்திதான் நம்மை வந்தடைகிறது.

சோழர் கோயில் வாயிலில் துவாரபாலகர் நிமிர்த்திக் காட்டும் சுட்டுவிரலுக்குக் ‘கடவுள் ஒருவரே’ என்று பொருள் சொல்பவர்கள் உண்டு. அது தர்ஜனி, உள்ளே வருபவரை எச்சரிக்கும் விரல். அவரைக் கோபக்காரக் காவலர் என்று மட்டும் எண்ணிக் கடந்துவிடாமல், அவருடைய மற்றொரு கையையும் பார்க்க வேண்டும். விரல்கள் மேல்நோக்க, உள்ளங்கை அவர் பக்கமே திரும்பியிருக்கும் அந்தக் கை விஸ்மய ஹஸ்தம். கருவறையில் இருப்பவரின் பெருமையைக் கண்டு வியக்கும் கை.