நேண்ட் கேட்டிலிருந்து தொடங்குங்கள்

கம்ப்யூட்டர் சயின்ஸைத் தானாகப் படிக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது பத்து பி.டி.எஃப். டவுன்லோடு. இரண்டாவது அத்தியாயத்தோடு எல்லாம் தூங்கும். (நானும் அந்தக் கட்சிதான்.) அதற்குப் பதில், ஒரு கம்ப்யூட்டரை அடியிலிருந்து நாமே கட்டிப் பழகும் 'நேண்ட் டு டெட்ரிஸ்' பாடம் ஒன்றை மட்டும் எடுங்கள். நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் இருவரும் உருவாக்கியது. 12 புராஜெக்ட்டுகளும் சிமுலேட்டரும் அதன் இணையதளத்தில் இலவசம்.

முதல் புராஜெக்ட்டில் உங்களிடம் இருப்பது நேண்ட் கேட் (இரண்டு உள்ளீடும் 1 என்றால் மட்டும் 0, மற்றபடி 1 தரும் குட்டி சர்க்யூட்) மட்டும். நாட், ஆண்ட், ஆர் என்ற மற்ற கேட்டுகள் எல்லாவற்றையும் அதிலிருந்தே கட்ட வேண்டும். எக்ஸார் (இரண்டு உள்ளீடும் வேறுபட்டால் மட்டும் 1 தரும் கேட்) வரும்போது முழி பிதுங்கும். கூகுளுக்கு ஓடாமல், நோட்டில் 0, 1 போட்டு நாலு வரி அட்டவணை எழுதிப் பாருங்கள். நான்கே நேண்டில் முடிந்துவிடும். ஆறாவது புராஜெக்ட் அசெம்பிளர்: அசெம்பிளி மொழிக் கட்டளைகளை 0, 1 ஆக மாற்றும் புரோகிராமை நீங்களே எழுத வேண்டும். அதற்குள் பைத்தான் மாதிரி ஏதாவது ஒரு மொழியைக் கொஞ்சம் பழகி வைத்துக்கொள்ளுங்கள்.