காவா பிஸ்கட் சுடுகிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

காவா என்றதும் எங்கள் தங்கச்சிமடத்தில் பாதிப் பேர் கஹ்வா என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். அரபு நாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இந்தக் கரையில் நிறைய. அவர்களுக்குக் கஹ்வா என்றால் பேரீச்சம்பழத்தோடு சின்னக் குவளையில் தரும் ஏலக்காய்க் காப்பி. "காப்பி பிஸ்கட்டா, ரெண்டு கொடும்மா" என்று கை நீட்டினார்கள். முதல் தவறு இந்தப் பெயர்க் குழப்பத்திலேயே தொடங்குகிறது. காப்பி தூக்கத்தை விரட்டும். காவா அதற்கு நேர் எதிர், உடம்பைத் தளர்த்தித் தூக்கத்தை அழைத்து வரும்.

காவா பசிபிக் தீவுகளின் பயிர். பிஜி, வனுவாட்டு, தொங்கா, சமோவா பக்கம் விளைகிறது. மிளகும் வெற்றிலையும் எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான், இலையும் வெற்றிலை மாதிரியே இருதய வடிவம். ஆனால் பயன்படுவது வேர். பிஜியில் அதற்கு யங்கோனா என்று பெயர். வேரைக் காயவைத்து, இடித்து, குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் துணியில் பிழிந்து, தானோவா என்கிற மரத்தொட்டியில் ஊற்றி, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடிப்பார்கள். மழைத்தண்ணீர் தேங்கின குட்டை நிறத்தில் இருக்கும். குடித்ததும் நாக்கு மரத்துப்போகும். என் அண்ணன் கப்பலில் வேலை செய்கிறார். பிஜியின் சுவா துறைமுகத்தில் இறங்கினபோது, அங்கே இருக்கும் நம்மூர் வம்சாவளிக்காரர்களோடு உட்கார்ந்து குடித்திருக்கிறார். 1903-இலிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பேரன் பேத்திகள் அவர்கள். நாந்தியில் கோபுரம் வைத்து முருகனுக்குக் கோயிலே கட்டியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டிலும் சாயங்காலமானால் இந்தத் தொட்டிதான் நடுவில் இருக்குமாம்.

அண்ணன் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். நான் வீட்டில் பிஸ்கட் சுடுகிறவள். அப்புறம் என்ன, மாவில் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

அங்கேதான் பெரிய தவறு. சுக்கு, ஏலக்காய் போல இதையும் ஒரு வாசனைப் பொருளாக நினைத்துவிட்டேன். "ரெண்டு கரண்டி போடுவோம், போதவில்லை என்றால் இன்னொரு கரண்டி" என்பது ஏலக்காய்க்குச் சரி. காவா மருந்து மாதிரி வேலை செய்கிற பொருள். கரண்டிக் கணக்கு இதற்கு ஆகவே ஆகாது. தராசுதான் வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். காவா வேரில் வேலை செய்கிற சத்துக்குக் காவாலாக்டோன் என்று பெயர். காய்ந்த வேரின் எடையில் அது 3 சதவீதமும் இருக்கலாம், 20 சதவீதமும் இருக்கலாம். ரகம், வயது, வேரின் எந்தப் பகுதி என்பதைப் பொறுத்தது. பிஜியில் பக்க வேரை வாக்கா என்கிறார்கள், அடிக்கிழங்கை லேவேனா என்கிறார்கள். வாக்காவுக்கு வீரியம் அதிகம். இப்போது 200 கிராம் மைதா, 120 கிராம் வெண்ணெய், 100 கிராம் கருப்பட்டித் தூள், இரண்டு மேசைக்கரண்டி பால், இவற்றோடு 10 கிராம் காவாத் தூள் சேர்த்து 20 பிஸ்கட் பிடிக்கிறோம் என்று வையுங்கள். தூள் 3 சதவீதம் என்றால் ஒரு பிஸ்கட்டில் 15 மில்லிகிராம். அதே 10 கிராம் 20 சதவீதத் தூளாக இருந்தால் ஒரு பிஸ்கட்டில் 100 மில்லிகிராம். பார்க்க ஒரே பிஸ்கட், ருசியிலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆஸ்திரேலியாவில் காவா மாத்திரைகளுக்கு ஒரு நாள் உச்சவரம்பாக 250 மில்லிகிராம் வைத்திருக்கிறார்கள். முதல் ரகத்தில் பதினேழு பிஸ்கட் தின்றால்தான் அந்த அளவைத் தாண்டும். இரண்டாவதில் மூன்றாவது பிஸ்கட்டிலேயே தாண்டிவிடும்.

அதனால் பொட்டலத்தின் மேல் சதவீதம் அச்சிட்டிருந்தால் மட்டும் சமையலுக்கு எடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். உயர்ரகக் காவா என்பதும் எழுதியிருக்க வேண்டும். வனுவாட்டுத் தீவில் 2002-இல் சட்டமே போட்டு உயர்ரகத்தைத்தான் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். இன்னொரு ரகம் உண்டு, 'டூடே' என்பார்கள். இரண்டு நாளைக்குத் தலைச்சுற்றலும் குமட்டலும் விடாது என்பதால் அந்தப் பெயர். இலை, தண்டு, தண்டின் தோல் கலந்த தூளும் கூடாது. வேர் மட்டும்தான்.

என் முதல் ஈட்டில் இதெல்லாம் எதுவும் பார்க்கவில்லை. சாயங்காலம் சித்தப்பா வந்தார். டப்பாவில் இருந்ததில் இரண்டு எடுத்தார். அரைமணி நேரம் கழித்து, "ஒண்ணும் செய்யலியே, கருப்பட்டி நல்லா இருக்கு" என்று சொல்லி, கடுங்காப்பியோடு இன்னும் மூன்று தின்றார். நள்ளிரவுக்கு மேல் வள்ளத்தில் போக வேண்டியவர். ஒன்பது மணி வாக்கில் திண்ணையிலிருந்து எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றார். "கால் என் கால் மாதிரி இல்ல" என்றார். பேச்சு தெளிவு, புத்தி தெளிவு, ஆனால் கண் இமை தானாக இறங்கியது. சித்தி அன்றைக்கு அவரைக் கடலுக்கு விடவில்லை. மறுநாள் மத்தியானம் வரை தூங்கி எழுந்தார், சரியாகிவிட்டது. அலைமேல் நிற்கிற வள்ளத்தின் விளிம்பில் அந்தக் கால்களோடு அவர் வலை இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, பொறுக்காமல் மேலும் தின்றது. காவாவை அங்கே வெறும் வயிற்றில் குடிக்கிறார்கள், சீக்கிரமே தெரிந்துவிடும். வெண்ணெயும் மாவுமாக வயிற்றுக்குள் போனால் மெதுவாகத்தான் ஏறும். இரண்டு மணி நேரமாவது பார்க்காமல் அடுத்ததை எடுக்கக் கூடாது. இரண்டு, வேலை இருக்கிற நாளில் தின்றது. கடலுக்குப் போகிறவர்கள், பாம்பன் பாலத்தில் வண்டி ஓட்டப் போகிறவர்கள், இயந்திரத்தில் கை வைக்கிறவர்கள் அன்றைக்குத் தொடவே கூடாது. எங்கள் பக்கம் பிறகு இது தடைக்காலப் பலகாரமாகவே ஆகிவிட்டது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது, வீட்டோடு இருக்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று தின்று படுப்பார்கள். அதுவும் தினமும் இல்லை. நாள்பட அதிகமாகக் குடிக்கிற தீவுக்காரர்களுக்குத் தோல் வறண்டு மீன் செதில் போல் உரியும் என்று அண்ணன் நேரில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

இனி அடுப்படி விஷயம். குடிப்பதற்கென்று இடித்த தூளை அப்படியே மாவில் கொட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. அது பிழிந்துவிட்டுச் சக்கையை எறிவதற்கான தூள். பிஸ்கட்டில் போட்டால் பல்லில் மரத்தூள் கடிபடும், சக்கை வயிற்றையும் பிரட்டும். நார் நீக்கி மாவு மாதிரி அரைத்த சன்னத் தூள் தனியாக வருகிறது, அதுதான் வேண்டும்.

சிலர் பாலில் போட்டுக் காய்ச்சி இறக்கப் பார்க்கிறார்கள். வேரில் ஏறத்தாழ நாற்பது சதவீதத்துக்கு மேல் மாவுச்சத்து. சூடேறினதும் கூழாகத் திரண்டுவிடும், வடிகட்டவே முடியாது. காவாவைக் காலங்காலமாகக் குளிர்ந்த தண்ணீரில் கரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெண்ணெயை உருக்கி அதில் ஊறவைத்து வடிகட்டுகிற முறையும் உண்டு. காவாலாக்டோன் தண்ணீரில் லேசில் கரையாது, கொழுப்பில் நன்றாகக் கரையும், அதனால் முறை வேலை செய்யும். எனக்கு அது பிடிக்கவில்லை. எவ்வளவு வெண்ணெயில் இறங்கியது, எவ்வளவு சக்கையோடு போனது என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. சன்னத் தூளை எடைபோட்டு நேரே சேர்த்தால் போட்டதெல்லாம் உள்ளே இருக்கும், கணக்கு கையில் நிற்கும்.

சேர்க்கும்போது மைதாவோடு கொட்டிக் கிளறாதீர்கள். ஒரு மூலையில் கட்டியாக நின்றால் ஒரு பிஸ்கட்டில் ஒன்றும் இருக்காது, அடுத்ததில் மூன்று பங்கு இருக்கும். வெண்ணெய் இளகின பதத்தில் இருக்கும்போதே தூளைச் சலித்துப் போட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, வெண்ணெய் முழுக்க ஒரே சாம்பல் பழுப்பாக வரும் வரை விடக் கூடாது. அப்புறம் கருப்பட்டி, அதற்குப் பிறகு மாவு, கடைசியில் பால். உருண்டை பிடிப்பதையும் கண் அளவில் விடாதீர்கள். மேலே சொன்ன அளவுக்கு ஒவ்வொன்றும் 23 கிராம் வரும். தராசில் வைத்து, கூடினால் கிள்ளி எடுத்து, குறைந்தால் ஒட்டி. அலுப்பான வேலைதான். ஆனால் பிஸ்கட்டுக்கு இத்தனை என்று சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் வேறு வழி இல்லை.

கருப்பட்டியைப் பாகு காய்ச்சி ஊற்றினால் ஈரம் கூடி பிஸ்கட் கேக் மாதிரி மெத்தென்று போகும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் நல்லது. கத்தியால் சீவி, ஒரு வெயில் காட்டி, மிக்ஸியில் ஓட்டிச் சலித்துக்கொள்ளுங்கள். அடுப்பு 165 டிகிரி, 13 நிமிடம், ஓரம் சிவந்ததும் எடுத்துவிடலாம். அடுப்புச் சூட்டில் காவாவின் வீரியம் போய்விடும், அதனால் கூடப் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. நம்பாதீர்கள். மாவுக்குள் ஏறுகிற சூட்டில் அது பெரும்பாலும் அப்படியே தங்கும்.

கசப்பை மறைக்க நான் சுக்கும் ஏலக்காயும் போடுகிறேன். அதிலும் ஓர் எல்லை வேண்டும். கீழக்கரைத் தொதல் அளவுக்குத் தேங்காய்ப்பாலும் இனிப்புமாக மூடிவிட்டால் கை நிற்காது. கடைசியில் நாக்கு லேசாக மரத்து, கொஞ்சம் கசந்து நிற்பது நல்லதுதான், ஒன்றோடு போதும் என்று அதுவே சொல்லும். ஒரே குடும்பம்தானே என்று மிளகு சேர்க்கலாமா என ஒருத்தி கேட்டாள். மிளகின் பைபரின் சில மருந்துகளை உடம்பில் கூடுதலாகத் தங்கவைக்கும் என்பது தெரிந்த விஷயம். இதோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

ஈரல் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. ஈரல் பாதிப்புப் புகார்கள் வந்ததால் 2002-இல் ஜெர்மனி காவா மருந்துகளை நிறுத்தியது. 2014-இல் நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது, ஆனால் 2019-இல் மறுபடியும் நிறுத்திவிட்டார்கள். இடையில் 2007-இல் உலக சுகாதார நிறுவனம் தனி அறிக்கையே வெளியிட்டது. ரசாயனக் கரைப்பானில் இறக்கிய சாறு, வேரல்லாத பகுதிகள் கலந்த தூள், கூடவே மது, கூடவே வேறு மருந்து என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் பொதுவான உணவு விதியில் குளிர்ந்த நீரில் கரைத்த பானமாகவோ வெறும் வேராகவோதான் காவாவை விற்கலாம். பிஸ்கட்டில் கலந்து விற்க அனுமதி இல்லை. தீவுக்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம் இருப்பது தண்ணீரில் கரைத்ததில்தான், வெண்ணெயில் கலந்ததில் இல்லை. அதனால்தான் நான் 8 சதவீதத் தூளில் 10 கிராமுக்கு மேல் ஓர் ஈட்டுக்குப் போடுவதில்லை. பிஸ்கட்டுக்கு 40 மில்லிகிராம், ஒருவருக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

மது குடித்தவர்களுக்குக் கண்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பிள்ளைகள் யாருக்கும் வேண்டாம். தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, நடுக்குவாதத்துக்கான லெவோடோபா எடுப்பவர்களுக்கும் கூடாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் ஈரலில்தான் வேலை வைக்கும், அந்த நாட்களிலும் விட்டுவிடுங்கள். மாத்திரை ஏதாவது தினம் போடுகிறவர் என்றால் டாக்டரிடம் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான்.

வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் வாங்கி வரச் சொல்கிறவர்கள், அதைக் கொண்டுவரலாமா என்று சுங்கத்தில் முன்பே கேட்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவர வைத்து அவர்களை மாட்டிவிடாதீர்கள். விற்கிற எண்ணமும் வேண்டாம். சாதாரண முறுக்கு, பிஸ்கட்டை வீட்டில் செய்து விற்கவே உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்க வேண்டும். இதை நான் யாருக்கும் விற்றதில்லை.

கடைசியாக டப்பா. எங்கள் கரையில் காற்றே உப்பும் ஈரமுமாக வரும், திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் பிஸ்கட் நமுத்துவிடும். நன்றாக ஆறின பிறகு இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளேயே வேர்க்கும். முறுக்கு, சீடை டப்பாக்களோடு ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை எந்த டப்பா என்று பார்க்காது. என் வீட்டில் அது பரணில் தனியாக இருக்கிறது. மூடியில் வெள்ளைத் தாள் ஒட்டி, காவா, சுட்ட தேதி, ஒன்றுக்கு 40 மில்லிகிராம், ஒரு ஆளுக்கு ஒன்று, கடலுக்குப் போகிறவர் தொடக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். கடைசி வரியைச் சித்தப்பாதான் எழுதச் சொன்னார்.