இணையம் எட்டாத ஊருக்கு ஹாம் ரேடியோ வழியே கோப்பு அனுப்புவது எப்படி?

செல்பேசிக் கோபுரமோ இணைய இணைப்போ இல்லாத ஓர் இடத்துக்கு மருந்துப் பட்டியல், வானிலை அறிக்கை, தேவைப்படும் பொருள்களின் கணக்கு போன்ற சிறு கோப்புகளை ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி வழியே பிழையின்றிச் சேர்ப்பதற்கு நான் பின்பற்றும் முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். உங்களிடம் ஹாம் உரிமமும் அழைப்புக்குறியும் இருக்கின்றன, எஸ்.எஸ்.பி. எனும் ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசிப் பழகியிருக்கிறீர்கள், ரேடியோவையும் கணினியையும், இரண்டுக்கும் இடையே ஒலியைக் கடத்தும் சவுண்ட் கார்டு இடைமுகம் ஒன்றால் இணைத்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டே தொடங்குகிறேன்.

படி 1: கோப்பைச் சுருக்குங்கள்

நாம் பயன்படுத்தப்போகும் எழுத்துகளை ஒலியாக மாற்றி அனுப்பும் எம்.டி.63-2000 என்ற முறை நொடிக்கு 20 எழுத்துகளை மட்டுமே அனுப்பும். 10 கிலோபைட் கோப்பை, எந்தத் தரவையும் சாதாரண எழுத்துகளாக எழுதும் பேஸ்64 வடிவத்துக்கு மாற்றினால் அது சுமார் 13,650 எழுத்துகளாகிறது. அதை அனுப்ப 11 நிமிடங்களுக்கு மேல் ஆகும், கோப்பின் துண்டுகளுக்கு இடையே அடையாளமாகச் செல்லும் தலைப்பு வரிகளையும் சேர்த்தால் கால் மணி நேரம் பிடிக்கும். இதே கணக்கில் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றை அனுப்ப இரண்டு நாட்களுக்கு மேல் இடைவிடாமல் ஒலிபரப்ப வேண்டும். எனவே வேர்டு ஆவணத்தை வெறும் உரைக்கோப்பாகவும், எக்செல் அட்டவணையைச் சி.எஸ்.வி. கோப்பாகவும் மாற்றிவிடுங்கள். படம் அனுப்பியே ஆகவேண்டும் என்றால், தேவையான பகுதியை மட்டும் வெட்டியெடுத்துச் சில கிலோபைட்டுக்குள் அடக்குங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யு.டி.எஃப்-8 குறியீட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால் 'தமிழ்' என்ற ஒரே சொல்லுக்கு 15 பைட் ஆகிறது. ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றேதான், இரண்டாவதும் இரண்டு மதிப்புகளுக்குள்ளேயே மாறுகிறது என்பதால், தமிழ் உரை சுருக்கத்துக்கு மிக நன்றாக இணங்கும். ஆகவே மென்பொருளில் உள்ள சுருக்கும் தெரிவை ஒருபோதும் அணைத்து வைக்காதீர்கள். கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் குறுகலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: மென்பொருள்

ஃபிள்டிஜி, ஃபிளாம்ப் என்ற இரண்டையும் இரு முனைகளிலும் நிறுவ வேண்டும். ஃபிள்டிஜி எழுத்துகளை ஒலியாகவும் ஒலியை எழுத்துகளாகவும் மாற்றும் மோடம். ஃபிளாம்ப் கோப்பைச் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் எண்ணும், பிழையைக் கண்டறிய உதவும் சரிபார்ப்புத் தொகையும் இட்டு அனுப்பும். ஃபிள்டிஜியை முதலில் திறந்துவிட்டுப் பிறகு ஃபிளாம்பைத் திறப்பது நல்லது. இரண்டும் கணினிக்குள் 7322, 7362 ஆகிய போர்ட்டுகள் வழியே பேசிக்கொள்வதால், ஃபயர்வால் அவற்றைத் தடுக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வானொலி வழியே தரவு அனுப்பும் வாரா என்ற மோடம், மின்னஞ்சல் அனுப்பும் விண்லிங்க் போன்றவற்றை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று சிலர் கேட்கலாம். இரண்டே நிலையங்கள் தமக்குள் நேரடியாகப் பேசுவதாக இருந்தால், அலையின் தரத்துக்கேற்ப வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் வாரா மிகச் சிறந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரே அறிக்கையைப் பல ஊர்கள் ஒரே சமயத்தில் பெற வேண்டும் என்னும்போது, ஒருவர் ஒலிபரப்ப எல்லோரும் கேட்கும் ஃபிளாம்ப் முறைதான் பொருந்துகிறது. மேலும் அது திறமூல மென்பொருள் என்பதாலும், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும், ராஸ்பெரி பை போன்ற குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு கணினியிலும்கூட இயங்கும் என்பதாலும், மின்வசதி குறைந்த இடங்களுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

படி 3: ஒலி அளவு

என் நேரத்தை மிக அதிகமாக எடுத்துக்கொண்ட படி இதுதான்; புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவதும் இங்கேதான். மறுமுனையில், வரும் ஒலிகளைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபால் திரையில் அலை பளிச்சென்று தெரியும், ஸ்பீக்கரில் இரைச்சலும் பலமாகக் கேட்கும், ஆனால் ஓர் எழுத்துகூட ஒழுங்காக விழாது. சக்தி போதவில்லை என்று எண்ணி ஒலியை இன்னும் ஏற்றினால் நிலைமை மேலும் மோசமாகும்.

காரணம் இதுதான். எம்.டி.63 ஒரே நேரத்தில் 64 ஒலிகளை அனுப்புகிறது. அவை ஒன்றுகூடும் கணங்களில் அலையின் உச்சம் சராசரியைவிடப் பன்மடங்கு உயர்கிறது. அந்த உச்சத்தை, உள்ளே வரும் ஒலி மிகும்போது தானே குறைக்கும் ரேடியோவின் ஏ.எல்.சி. சுற்று அமுக்கத் தொடங்கினால் ஒலிகள் ஒன்றோடொன்று கலந்து, இல்லாத ஒலிகள் புதிதாகப் பிறந்து, நம் தகவலையும் கெடுத்துப் பக்கத்து அலைவரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்களையும் தொந்தரவு செய்யும்.

ஆகவே ரேடியோவில் பேச்சொலியை உரக்கக் கேட்கச் செய்யும் ஸ்பீச் பிராசஸரை அணைத்துவிட்டு, ஃபிள்டிஜியின் வலது கீழ் மூலையில் உள்ள ஒலிக் குறைப்பானை நன்றாகக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் டம்மி லோடில் எம்.டி.63 ஒலியையே அனுப்பியபடி மெல்ல மெல்ல ஏற்றி, ஏ.எல்.சி. முள் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து சற்றுக் கீழே இறக்கிவிடுங்கள். டியூன் பொத்தானை வைத்து இந்த அளவை அமைக்கக் கூடாது, ஏனென்றால் அது ஒற்றை ஒலியை மட்டுமே அனுப்புவதால் மீட்டர் காட்டுவது முற்றிலும் வேறு கணக்கு. எல்லாம் சரியாக இருக்கும்போது 100 வாட் ரேடியோவின் மீட்டர் 25, 30 வாட் அளவில் நின்றால் கவலைப்படாதீர்கள், அதுதான் இந்த முறையின் இயல்பு.

கணினியின் மற்ற ஒலிகள், அதாவது மின்னஞ்சல் மணி, எச்சரிக்கை ஒலி போன்றவை, ரேடியோவுக்குச் செல்லும் சவுண்ட் கார்டு வழியே போகாதபடி அமைப்பதும் இந்தப் படியைச் சேர்ந்ததே.

படி 4: அலைவரிசையும் ஆன்டெனாவும்

மலையோ காடோ குறுக்கிடும் 300, 400 கிலோமீட்டர் தொலைவுக்கு, அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பி அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வைக்கும் முறை நன்றாக வேலை செய்யும். இதற்கு உயரமான கோபுரம் தேவையில்லை. 40 மீட்டர் அலைநீளப் பட்டைக்கு ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள டைபோல் என்னும் கம்பி ஆன்டெனாவை 10 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் கிடையாகக் கட்டினால் போதும். பொதுவாகப் பகலில் 40 மீட்டரும் இரவில் 80 மீட்டரும் கைகொடுக்கும். எந்தப் பட்டையாக இருந்தாலும் இரு முனைகளும் ரேடியோவின் மேல் பக்கப்பட்டை முறையான யு.எஸ்.பி.யிலேயே இருக்க வேண்டும்.

படி 5: அனுப்புதலும் விடுபட்டதைக் கேட்டலும்

ஃபிள்டிஜியில் எம்.டி.63-2000இன் ஒரு வகையான எம்.டி.63-2000எல் முறையைத் தேர்ந்தெடுங்கள். ஃபிளாம்பில் அழைப்புக்குறியை இட்டு, கோப்பைச் சேர்த்து, சுருக்கத்தையும் பேஸ்64ஐயும் தேர்ந்தெடுங்கள். கட்டின் அளவு 64 என்பது சத்தம் மிகுந்த அலைவரிசைக்கு ஏற்றது. ஒவ்வொரு கட்டோடும் இருபதுக்கு மேற்பட்ட எழுத்துகள் தலைப்பாகச் செல்வதால், அலை தெளிவாக இருக்கும் நாளில் 128 வைத்தால் நேரம் மிச்சமாகும்.

முழுக் கோப்பையும் இரண்டு முறை அனுப்பும் தெரிவும் உண்டு, ஆனால் நான் ஒரு முறை மட்டுமே அனுப்புவேன். பெறுபவர் தம் ஃபிளாம்பில் ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினால் விடுபட்ட கட்டுகளின் எண்கள் நமக்கு வந்து சேரும். அந்த எண்களை மட்டும் பிளாக்ஸ் என்ற கட்டத்தில் இட்டு மீண்டும் அனுப்பினால் ஓட்டைகள் அடைபட்டுக் கோப்பு முழுமையாகிவிடும். பல ஊர்கள் கேட்கும்போது ஒவ்வொருவராக அழைத்து எண்களை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடவையில் அனுப்புங்கள். ஓர் ஊருக்கு விடுபட்டது பெரும்பாலும் பக்கத்து ஊருக்கும் விடுபட்டிருக்கும்.

கடவுச்சொல் இட்ட ஜிப் கோப்பை அனுப்பாதீர்கள். வெவ்வேறு நாடுகளின் ஹாம் நிலையங்கள் பொருளை மறைக்கும் நோக்கில் குறியாக்கம் செய்து அனுப்புவதைப் பன்னாட்டு வானொலி விதிமுறைகள் தடுக்கின்றன. அனைவரும் அறிந்த சுருக்க முறை இதில் சேராது. பிறருக்காகச் செய்தி அனுப்புவது குறித்து நாட்டுக்கு நாடு விதி மாறுவதால் உங்கள் உரிம நிபந்தனையை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதை முயன்று பார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைத் தெரிவித்திருக்கிறார்கள். எழுத்துகள் சரியாக வருகின்றன, ஆனால் கோப்பு முழுமையாவதில்லை என்றால், கோப்பின் பெயரும் மொத்தக் கட்டு எண்ணிக்கையும் உள்ள முதல் வரிகள் விடுபட்டிருக்கின்றன என்று பொருள். தலைப்பு வரிகளை மீண்டும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். வாட்டர்ஃபாலில் அலையின் ஒரு பக்கம் வெட்டுப்பட்டதுபோல் தெரிந்தால், எம்.டி.63-2000எல் 500 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரை பரவுவதால், ரேடியோவின் ஃபில்டர் அதைவிடக் குறுகலாக அமைந்திருக்கிறது. அதை அகலப்படுத்தி, இரைச்சலை வெட்டும் நாய்ஸ் பிளாங்கரையும் அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.