கஜாவுக்கு வாங்கிய மெஷின்

2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளை அறுக்க பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிறைய பேர் மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார்கள். அதில் ஒன்று செகண்ட் ஹேண்டாக என் கைக்கு வந்தது. ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் நிற்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இருமிக்கொண்டே அணைந்துவிடும்.

பழைய மெஷின் எதுவானாலும் விலை பேசுமுன் சைலன்சரைக் கழற்றிவிடுவேன். எக்ஸாஸ்ட் ஓட்டையில் டார்ச் அடித்தால் பிஸ்டன் தெரியும். அதில் மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருந்தால், பெரும்பாலும் பெட்ரோலில் ஆயில் கலக்காமல் ஓட்டியிருப்பார்கள். உதிரிபாக விலைக்குத்தான் கேட்பேன். இதில் பிஸ்டன் பளபளவென்று இருந்தது.

"கார்புரேட்டர் போச்சுண்ணே, புதுசு போட்டுக்குங்க" என்றார் விற்றவர். எல்லாரும் சொல்வதுதான்.

பெட்ரோல் ட்யூபை வெளியே இழுத்தேன். டேங்கிற்குள் நுழையும் இடத்தில் வளைத்ததும் முடியளவு விரிசல் வாய் திறந்தது. ஐடிலுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், சமாளித்துவிடும். வேகம் கேட்கும்போது பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சும். கார்புரேட்டரைத் திறந்தால், பெட்ரோலை இழுத்துவிடும் மெல்லிய சவ்வான, துணிபோல் துவள வேண்டிய டயாபிரம் எக்ஸ்ரே பிலிம் மாதிரி விறைத்துக் கிடந்தது. ட்யூப், டயாபிரம் கிட், பெட்ரோல் ஃபில்டர் மாற்றினேன். லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்தேன். அழுத்தியதும் சீறிக்கொண்டு எழுந்தது.

செயினுக்கு மட்டும் ஆயில் வரவில்லை. ஆயில் பம்ப்பைச் சந்தேகிக்குமுன், செயின் சுற்றி ஓடும் நீளத் தகடான பாரைக் கழற்றிப் பாருங்கள். ஆயில் ஓட்டையில் தூளும் பிசினும் இறுகிப்போயிருந்தன. மெல்லிய கம்பியால் குத்தியெடுத்ததும் சரியாகிவிட்டது. புது செயின் போட்டு ஒரு தோப்புக்காரருக்கு விற்றேன், அவர் கண்ணெதிரிலேயே சைலன்சரைக் கழற்றிக் காட்டி.