காலணித் தடத்தைப் படம் எடுப்பது எப்படி?

சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஒரு கிடங்கில் பாதுகாவல் மேற்பார்வையாளராக இருந்தேன். ஓர் இரவு யாரோ பின்கதவை உடைத்து உள்ளே புகுந்துவிட்டார்கள். 999-ஐ அழைத்துவிட்டுப் பார்த்தால், பூச்செடிப் பாத்தியில் அச்சடித்தது போல ஒரு ஷூ தடம். தூரத்தில் இடி. பக்கத்தில் அளவுகோலை வைத்து அவசரமாக ஐந்தாறு படங்கள் எடுத்தேன். பத்து நிமிடத்தில் மழை தடத்தைக் கரைத்துவிட்டது. பின்னர் படங்களைப் பார்த்த விசாரணை அதிகாரி, "அளவுகோல் இருக்கிறது, ஆனால் கேமரா சாய்ந்திருக்கிறதே. ஷூவோடு ஒப்பிட முடியாது" என்றார். பல நாள் மனது ஆறவில்லை. துணைப் போலீஸ், பாதுகாவல் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போலீஸ் வரும்வரை காத்திருக்க முடிந்தால் எதையும் தொடாமல் காத்திருங்கள். மழை முந்திக்கொள்ளும் என்றால் மட்டும் நீங்களே எடுங்கள்.

முதலில் தூரப் படங்கள். அறை என்றால் நான்கு மூலைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். அடுத்து நடுத்தரப் படம்: தடமும், கதவு நிலை, தூண் போல நகராத ஏதாவது ஒன்றும் ஒரே படத்தில் வர வேண்டும். தடம் எந்த இடத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. அப்புறம் நெருக்கப் படம். முதலில் அளவுகோல் இல்லாமல், பிறகு அளவுகோலோடு. அளவுகோலுக்கு அடியில் எதையோ மறைத்துவிட்டதாக நாளை யாரும் கேட்கக்கூடாது.

நான் சறுக்கியது இந்த நெருக்கப் படத்தில்தான். லென்ஸ் தடத்துக்கு நேர் மேலே, தரையைச் சமமாகப் பார்த்திருக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் தடத்தின் ஒரு முனை பெரிதாகவும் மறுமுனை சிறிதாகவும் விழும். கண்ணளவை நம்பாதீர்கள். தடத்துக்குப் பக்கத்தில், அதே மட்டத்தில் ஒரு சின்னக் கண்ணாடியைப் படுக்கவைத்து, கேமராவை அதற்கு நேர் மேலே கொண்டுபோய்ப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் உங்கள் லென்ஸ் படத்தின் நட்டநடுவில் இருந்தால் கோணம் சரி. சாய்வை மாற்றாமல் கேமராவைத் தடத்துக்கு மேல் நகர்த்திவிட்டு, கண்ணாடியை எடுத்துவிடுங்கள்.

அளவுகோலும் தடத்தின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். மண்ணில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தடம் பதிந்திருந்தால், சற்றுத் தள்ளி அதே ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு அதில் வையுங்கள். 'எல்' வடிவ அளவுகோல் நல்லது, நீளம் அகலம் இரண்டும் ஒரே படத்தில் கிடைக்கும்.

கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100 அல்லது 200, எஃப் எண் (லென்ஸ் துளையின் அளவு) 8 முதல் 11 வரை. விளக்கு வெளிச்சத்தில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸ் தானாக மாறாதபடி மேனுவலில் பூட்டிவிட்டு, விளக்கை அணையுங்கள். இனி டார்ச். வீவக அடுக்குமாடி வீட்டு டைல்ஸில் படிந்த தூசித் தடம் என்றால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பிடிக்க வேண்டும். மேலிருந்து அடித்தால் ஒன்றுமே தெரியாது. மண் தடத்துக்குச் சற்று உயர்த்தலாம். கேமராவை அசைக்காமல் நான்கு பக்கமிருந்தும் ஒளி அடித்து ஒவ்வொரு படம். ஒரு பக்கத்தில் தெரியாத கீறல் இன்னொரு பக்கத்தில் பளிச்சென்று தெரியும்.

கேமராவைவிட டிரைபாடுக்கு (கேமரா முக்காலிக்கு) செலவழியுங்கள் என்பேன். கேமரா தரையை நேராகப் பார்க்கும்படி நடுத்தண்டைக் கவிழ்த்து மாட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராச் சாமான்கள் விற்கும் கடைகளில் தேடுங்கள்.

வீடியோ எடுத்தால் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர் "இவன்தான் செய்திருப்பான்" என்று சொன்னால் அதுவும் பதிவாகிவிடும். மெதுவாகத் திருப்புங்கள்; ஜூம் வேண்டாம்.

எந்தப் படத்தையும் அழிக்காதீர்கள், மங்கலானதைக்கூட. வரிசை எண் ஒன்று குறைந்தாலே கேள்வி வரும்.

பின்சேர்க்கை: குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படிகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நம்மூர் ஈரப்பதத்தில் அப்படித்தான். குளிரறையிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். துடைத்தால் மறுபடியும் படியும். ரோந்துக் கேமராவை நான் இப்போது குளிரறையில் வைப்பதே இல்லை.

இன்னொருவர், கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றார். பரவாயில்லை. ஆனால் தடத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். அகலக் கோண லென்ஸ் ஓரங்களை இழுத்துவிடும். 2எக்ஸ் (இரு மடங்கு பெரிதாகக் காட்டும்) லென்ஸ் இருந்தால் அதற்கு மாற்றி, கைபேசியை உயர்த்திப் பிடியுங்கள். கண்ணாடி வித்தை கைபேசிக்கும் பொருந்தும்.