பழைய அம்பாசடரின் ரெயிலை வெட்டுவதற்கு முன்

போன மாதம் ஒரு தம்பி கூப்பிட்டார். 1982 மாடல் மார்க் 4 அம்பாசடர், அவருடைய தாத்தா ஓட்டிய வண்டி, அடியெல்லாம் துரு, நானே வெல்டிங் அடித்துச் சரிசெய்துகொண்டிருக்கிறேன், ஒருமுறை வந்து பாருங்கண்ணே என்றார். போய்ப் பார்த்தால் நான்கு கதவையும் கழற்றிச் சுவரில் சாய்த்திருக்கிறார், வண்டி முன்னால் இரண்டு ஸ்டாண்டிலும் பின்னால் ஆக்ஸில் மேலேயும் நிற்கிறது, இடது பக்க ரெயில், அதாவது வண்டிக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டம், இரண்டடி நீளத்துக்கு வெட்டி எடுத்தாகிவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் வண்டியை நானும் இதே கோலத்தில்தான் வைத்திருந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடி போடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் டேங்கை இறக்குங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாமல் செய்கிற தவறுகளுக்கு வருகிறேன், கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

கண்ணால் பார்த்துக் கணக்குப் போடுவது

சேசிஸ் என்று பேச்சுக்குச் சொன்னாலும், அம்பாசடருக்கு லாரி போலத் தனி சேசிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3-இலிருந்து வந்த வண்டி அது. தகட்டை மடித்துப் பெட்டி போல ஆக்கி, தரைத் தகட்டோடு சேர்த்து ஸ்பாட் வெல்டிங் செய்திருப்பார்கள். அந்தப் பெட்டிதான் ரெயில். பெட்டிக்குள் போன தண்ணீரும் சேறும் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடக்கும், துருவும் உள்ளேயிருந்துதான் தின்னும். வெளியே ஒரு ரூபாய் அளவு ஓட்டை தெரிகிறது என்றால் உள்ளே ஒரு சாண் போயிருக்கும். மேலே தார் மாதிரி அண்டர்கோட்டிங் பூசியிருந்தால் அதுகூடத் தெரியாது.

சின்னச் சுத்தியலால் ரெயில் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், போன தகடு பொத்பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், இப்போது போவதே நல்லது. முதலில் இடது பக்கம் பாருங்கள், என் கைக்கு வந்த வண்டிகளில் அந்தப் பக்கம்தான் முதலில் போயிருக்கிறது. ரோட்டோரத்தில் தேங்கிய தண்ணீர் முழுக்க அந்தப் பக்கச் சக்கரத்தில்தானே அடிக்கிறது.

துருவின் மேலேயே தகடு வைப்பது

பழைய தகட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே புதுத் தகட்டைப் போர்த்தி ஓரத்தில் வெல்டிங் இழுத்து, கறுப்பு பெயின்ட் அடித்து வைத்த வண்டிகளை நிறையப் பிரித்திருக்கிறேன். இரண்டு தகட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி, புதுத் தகடும் சேர்ந்து துருப்பிடிக்கும். துருவில் வெல்டிங் பிடிக்கவும் செய்யாது. பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும் இடம் வரைக்கும் வெட்டித்தான் ஆகவேண்டும், வேறு வழியே இல்லை.

அளக்காமல், முட்டுக் கொடுக்காமல் வெட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த ஒரு தவறுதான்.

ரெயில், தரை, கதவுக்குக் கீழே ஓடும் படி, தூண், கூரை எல்லாம் சேர்ந்துதான் இந்த வண்டியில் எடையைத் தாங்குகின்றன. அதில் ஒன்றை வெட்டி எடுத்தால் மீதி எல்லாம் கொஞ்சம் நகரும். முன்னால் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது, முன்னாலும் பின்னாலும் மட்டும் ஸ்டாண்டு இருக்கிறது, நடுவில் ரெயிலை வெட்டுகிறீர்கள் என்றால் வண்டி நடுவில் தொய்யும். கண்ணுக்குத் தெரியாது, சத்தமும் வராது. பத்து மில்லிமீட்டர் தொய்வு யார் கண்ணுக்குப் படும்?

நான் அப்படித்தான் வெட்டினேன். கூட வேலை பார்த்த டிங்கரிடம் கேட்டேன், ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி, நான் எத்தனை வண்டி பாத்திருக்கேன் என்றார். நம்பினேன். புதுப் பெட்டி மடித்து அழகாக வெல்டிங் செய்து, அரைத்து, பிரைமர் அடித்து, மூன்று வாரம் கழித்துக் கதவை மாட்டினேன். இடது முன்கதவு மூடவில்லை. மேலே நடுத் தூணில் கதவு இடிக்கிறது, கீழே அதே கதவுக்கும் தூணுக்கும் நடுவில் சுண்டுவிரல் போகிறது. தொய்ந்த நிலையிலேயே நான் வெல்டிங் வைத்து வண்டியை உறைய வைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. கீலை வளைத்தோம், கதவு ஓரத்தைத் தட்டினோம், ஒருவழியாக மூட வைத்தோம். ரோட்டில் இறக்கினால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட் கடையில் இரண்டு முறை காட்டினேன், இதற்கு மேல் அட்ஜஸ்ட் செய்ய இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நாலாயிரம் கிலோமீட்டரில் முன் டயர் இரண்டும் ஒரு பக்கமாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. கடைசியில் அதே வெல்டிங்கை வெட்டித் திறந்து, தொய்வை ஜாக்கியால் தூக்கி, மறுபடி முதலிலிருந்து செய்தேன். எட்டு மாதம் போனது. முதல் நாள் ஒரு மணி நேரம் செலவழித்து அளந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது.

அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கொத்தனாரிடம் இருப்பதே போதும். முதலில் கெட்டியான சிமென்ட் தரை வேண்டும், மண் தரையில் இந்த வேலையைத் தொடவே கூடாது. டியூப் மட்டம் வைத்து வண்டியின் நாலு மூலையும் சமமாக நிற்கும்படி ஸ்டாண்டை ஏற்றி இறக்குங்கள். அப்புறம் தூக்குக்குண்டு. பின் ஸ்பிரிங் பட்டையின் முன்பக்க போல்ட், முன் கிராஸ் மெம்பரின் (இரண்டு ரெயிலையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின்) போல்ட் என்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் புள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டு, தரையில் அது காட்டும் இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். இடது பின்னிலிருந்து வலது முன், வலது பின்னிலிருந்து இடது முன் என்று குறுக்கே இரண்டையும் அளங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் வண்டி நேர். மூன்று மில்லிமீட்டர் வரை வித்தியாசத்தை நான் விட்டுவிடுவேன், அதற்கு மேல் இருந்தால் வெட்டுவதற்கு முன்பே வண்டி எங்கோ வளைந்திருக்கிறது, பழைய விபத்தாக இருக்கும். எல்லா அளவையும் சுவரில் எழுதி வையுங்கள், காகிதம் தொலைந்துவிடும்.

அடுத்தது முட்டு. எஞ்சினை இறக்கிவிடுவது நல்லது. கதவுத் திறப்பின் குறுக்கே, முன் தூணிலிருந்து நடுத் தூணுக்கு, ஒரு அங்குலச் சதுரக் குழாயை மேலே ஒன்று கீழே ஒன்று வைத்துப் பொட்டு வெல்டிங் அடியுங்கள். முடிந்தால் மூலைக்கு மூலை இன்னொன்று. முன்கதவைக் கழற்றாமல் வேலை செய்யும்படி குழாயை உள்பக்கமாக வையுங்கள், ஏனென்றால் கதவு இடைவெளிதான் உங்களுக்கு எச்சரிக்கை மணி. ஒரே கனத்தில் சீவிய மரச்சில்லு ஒன்றை வைத்துக்கொண்டு கதவைச் சுற்றி விட்டுப் பாருங்கள். வெட்டும் முன் எப்படிப் போனதோ வெட்டிய பின்னும் அப்படியே போகவேண்டும். வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும், நல்ல தகடு இருக்கும் இடத்தில், பலகை வைத்து ஸ்டாண்டு கொடுங்கள்.

இந்த வண்டிக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய மார்க் மாடல்களில் முன் சஸ்பென்ஷன் டார்ஷன் பார், அதாவது முறுக்கி மாட்டி ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி. அந்தக் கம்பி ரெயிலோடு நீளவாக்கில் பின்னால் போய், தரைக்கு அடியில் ஒரு கிராஸ் மெம்பரில் முறுக்கோடு மாட்டியிருக்கும். அந்தக் கிராஸ் மெம்பருக்குப் பக்கத்தில் ரெயிலை வெட்டினால் முறுக்கு தன் வேலையைக் காட்டும், உங்கள் கை அங்கே இருக்கும். சக்கரம் தொங்கினால் போதும் என்று நினைக்காதீர்கள், முறுக்கை முழுக்க விடுவித்துக் கம்பியைக் கழற்றுங்கள். கம்பி முனையில் இருக்கும் பற்களில் எந்தப் பல் எந்த இடத்தில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இடது கம்பியை வலதில் போடக்கூடாது. கம்பியில் கிரைண்டர் கீறலோ வெல்டிங் பொறியோ படக்கூடாது, அந்த இடத்தில்தான் ஒரு நாள் ஒடியும்.

தம்பியின் வண்டிக்குக் குறுக்களவு எடுத்தபோது பதினொரு மில்லிமீட்டர் வித்தியாசம் காட்டியது. நல்லவேளை, வெல்டிங் இன்னும் வைக்கவில்லை. எஞ்சினை இறக்கி, நடுவில் பாட்டில் ஜாக்கி கொடுத்து, அரை மணிக்கு ஒரு சுற்றாகத் தூக்கி, இரண்டுக்குக் கொண்டுவந்தோம்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டுவது

கூடாது. ஒரு பக்கம் முழுசாக முடித்த பிறகுதான் மறுபக்கம்.

கனமான தகடு போட்டால் பலம் என்று நினைப்பது

மூன்று மில்லிமீட்டர் தகட்டைக் கொண்டுவந்து போடுகிறார்கள். பக்கத்தில் இருக்கும் பழைய தகடு மெலிசு, கனமான தகட்டுக்கு வேண்டிய சூட்டைக் கொடுத்தால் அது ஓட்டையாகிவிடும். தப்பிப் பிடித்தாலும், கனத்த இடம் வளையாது, அது முடியும் ஓரத்தில் மெலிந்த தகடு மட்டும் வளைந்து வளைந்து ஒரு நாள் கீறல் விடும். துருப்பிடிக்காத ஒரு துண்டை வெட்டி எடுத்து வெர்னியரால் அளந்து, அதே கனத்தில் வாங்குங்கள். 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் 1.2. பழையதையும் புதியதையும் சேர்க்கும் வெட்டு, ரெயிலின் நாலு முகத்திலும் ஒரே கோட்டில் வராமல் முன்பின்னாக இருக்கட்டும், உள்ளே ஒரு சாண் நீளத்துக்குத் தகடு கொடுத்து அணையுங்கள்.

ஜி.ஐ. ஷீட்

துத்தநாகம் பூசிய தகடு இது, துருப்பிடிக்காது என்று வாங்காதீர்கள். வெல்டிங் சூட்டில் வரும் துத்தநாகப் புகையால் அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரும்.

ஒரே இழுப்பில் வெல்டிங்

மெலிந்த தகட்டுக்கு மிக் வெல்டிங்தான் சரி, பட்டறையில் சி.ஓ.டூ என்பார்கள். குச்சி வெல்டிங் வேண்டாம். எது வைத்தாலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளியும், ஆறும்போது ரெயிலையே இழுக்கும். முதலில் பொட்டுப் பொட்டாக வைத்து, மறுபடி தூக்குக்குண்டு விட்டு அளந்து, சரி என்றால் மட்டும் இங்கே ஒரு அங்குலம், தள்ளி அங்கே ஒரு அங்குலம் என்று வையுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே பக்கத்தில் அடுத்தது. ரெயிலை ஒட்டியே பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஓடுகின்றன, அவற்றைக் கழற்றாமல் தொடங்கவே வேண்டாம்.

உள்பக்கத்தை மறப்பது

வெளியே நாலு கோட் அடித்துவிட்டு உள்ளே வெறும் இரும்பாக விடுகிறார்கள். வெல்டிங் சூட்டில் உள்ளே பூசியிருந்ததும் எரிந்திருக்கும். எல்லாம் ஆறிய பிறகு, நீளக் குழாய் மாட்டிய ஸ்பிரேயில் மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பெட்டிக்குள் அடியுங்கள், கீழே சொட்டும் வரை. சொட்டுவதற்குக் கீழ்முகத்தில் தண்ணீர் ஓட்டை இருக்கவேண்டும். பழைய ரெயிலில் எங்கெங்கே ஓட்டை இருந்ததோ புதியதிலும் அங்கே போடுங்கள். நான் திறந்த ரெயில்களில் பாதிக்கு மேல், அந்த ஓட்டையை யாரோ அண்டர்கோட்டிங் பூசி அடைத்திருந்தார்கள். பூசும் முன் ஒரு தீக்குச்சியைச் சொருகி வைத்துப் பூசி, காய்ந்ததும் உருவிவிடுங்கள்.